இந்த ரேஸுக்கு எத்தனை மார்க்? விறுவிறுப்பை எடைபோடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேஸ் முடிந்த பத்தாவது நிமிடம் ஒருவர் "செம ரேஸ்" என்பார், இன்னொருவர் "பாதியிலேயே தூங்கிவிட்டேன்" என்பார். இருவரும் பார்த்தது ஒரே ரேஸ்தான். நான் பல வருடங்களாக ஒரு கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு ரேஸுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் எழுதி வருகிறேன். அந்த நோட்டைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் கீழே. சில பதில்களை நடுவில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஃபார்முலா ஒன் பற்றித்தான் பேச்சு. மற்ற பந்தயங்களும் அங்கங்கே வரும்.

ஒரு ரேஸ் விறுவிறுப்பாக இருந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான். 'அடுத்து என்ன ஆகும்' என்ற கேள்விக்கு எத்தனை நேரம் விடை தெரியாமல் இருந்தது? முதல் திருப்பத்திலேயே விடை தெரிந்துவிட்டால், மீதி ஒன்றரை மணி நேரமும் கார்கள் வரிசையாகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடைசிச் சுற்று வரை தெரியாவிட்டால், ஒரு கார்கூட இன்னொன்றை முந்தாவிட்டாலும் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்க மனம் வராது.

கேள்வி முதலிடத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஏழாம் இடமாக இருக்கலாம், ஒரு டயர் கடைசி வரை தாங்குமா என்பதாக இருக்கலாம். ஆனால் இரண்டு விடையும் உண்மையிலேயே நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்துகிறார் என்பதற்காகக் கேள்வி பிறந்துவிடாது.

ஓவர்டேக் அதிகம் என்றால் நல்ல ரேஸ் என்றுதானே அர்த்தம்?

ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு ஓவர்டேக்குக்கும் ஒரு கோடு, நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது கோடு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பழைய ரேஸின் பதிவைப் பார்த்த அன்றைக்கு அந்தக் கணக்கை விட்டுவிட்டேன்.

1992 மொனாக்கோ. மொத்தம் 78 சுற்று. அந்த வருடத்தின் முதல் ஐந்து ரேஸையும் ஜெயித்திருந்த நைஜல் மான்செல் இதிலும் ஆரம்பத்திலிருந்தே முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். எழுபது சுற்று வரை முதலிடத்தில் ஒரு சலனமும் இல்லை. திடீரென்று சக்கரத்தில் ஏதோ சரியில்லை என்று பிட்டுக்குள் வருகிறார். டயர் மாற்றிக்கொண்டு வெளியே வந்தால், அயர்ட்டன் சென்னா சுமார் ஐந்து விநாடி முன்னால் போய்விட்டிருக்கிறார்.

மான்செலின் வில்லியம்ஸ்தான் வேகமான கார், இப்போது டயரும் புதுசு. சென்னாவின் மெக்லாரனில் தேய்ந்த டயர். ஐந்து விநாடி கரைந்துபோக அதிக நேரம் ஆகவில்லை. கடைசி மூன்று சுற்று இரண்டு காரும் ஒரே வண்டி மாதிரி ஓடுகின்றன. மான்செல் ஒரு பக்கம் மூக்கை நீட்டுகிறார். சென்னா காரை அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்துகிறார், அவ்வளவுதான். மான்செல் மறுபக்கம் வருகிறார். அந்தக் கதவும் சாத்தியிருக்கிறது. சுரங்கப்பாதையிலிருந்து வெளிச்சத்துக்கு வந்து பிரேக் பிடிக்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் 'இப்போது போய்விடுவார்' என்று தோன்றுகிறது. போக முடியவில்லை. சென்னா 0.215 விநாடியில் ஜெயித்தார். முதலிடத்துக்கான அந்தத் துரத்தலில் டிராக்கில் நடந்த ஓவர்டேக் பூஜ்யம்.

ஒரு வேடிக்கை: 2005இல் இமோலாவில் ஃபெர்னாண்டோ அலோன்சோ, தன்னைவிட வேகமாக வந்த மைக்கேல் ஷூமாக்கரைக் கடைசிச் சுற்றுகள் முழுக்கப் பின்னாலேயே நிறுத்திவைத்து ஜெயித்தார். அங்கேயும் வித்தியாசம் அதே 0.215 விநாடி. அங்கேயும் ஷூமாக்கரால் முந்த முடியவில்லை. அந்த இரண்டு ரேஸையும் என் பழைய கோட்டுக் கணக்கில் போட்டால் கடைசி பெஞ்சில்தான் உட்காரும்.

இப்போது மறுபக்கம் பாருங்கள். அமெரிக்காவின் நாஸ்கார் என்ற கார் பந்தயத் தொடரில் டல்லடேகா என்ற பெரிய ஓவல் டிராக். 2010இல் அங்கே நடந்த ஒரு ரேஸில் முதலிடம் 88 முறை கைமாறியது. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக் கொடுக்கும். பின்னால் வருபவர் அந்தக் காற்று மறைவில் சிரமமில்லாமல் வேகமெடுத்து முன்னால் வந்துவிடுவார். அடுத்த சுற்றில் அவருக்கும் அதே கதி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாதி ரேஸில் யார் முதலில் இருக்கிறார் என்பதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஓட்டுபவர்கள் உட்பட. கடைசி ஐந்து சுற்றில் அதே கைமாற்றம் வேறு விஷயம்.

அப்படியானால் ஓவர்டேக்குக்கு மதிப்பே இல்லையா?

உண்டு. எண்ணுவதை விட்டுவிட்டேன், எடைபோடுகிறேன். முந்த முடியுமா முடியாதா என்று தெரியாத நிலையில், முந்த முயன்றால் இருவருக்கும் ஏதாவது ஆகலாம் என்ற நிலையில் நடந்த ஒன்று, பத்து சுலபமான முந்தல்களுக்குச் சமம்.

இங்கே டி.ஆர்.எஸ். என்ற, முந்த உதவும் ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஃபார்முலா ஒன் காரின் இறக்கைகளும் அடிப்பகுதியும் காற்றைப் பயன்படுத்திக் காரைத் தரையோடு அழுத்துகின்றன. அதனால்தான் வளைவுகளில் அவ்வளவு வேகம். ஆனால் முன்னால் போகும் கார் கலக்கிவிட்ட காற்றுக்குள் நுழைந்தால் அந்த அழுத்தம் குறையும், கார் வழுக்கும், டயர் சூடாகும். அதனால் ஒட்டிப் போகவே கஷ்டம், முந்துவது அதைவிடக் கஷ்டம். 2010இன் கடைசி ரேஸில், அபுதாபியில், அலோன்சோ தன்னைவிட மெதுவான விட்டாலி பெட்ரோவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு சாம்பியன் பட்டத்தையே இழந்தார். அடுத்த வருடமே டி.ஆர்.எஸ். வந்தது. முன்னால் இருப்பவருக்கு ஒரு விநாடிக்குள் நெருங்கிவிட்டால், குறித்த நேர்ப்பாதையில் பின்னிறக்கையின் மடலைத் திறந்துகொள்ளலாம். காற்றின் தடை குறைந்து வேகம் கூடும். 2025 வரை இந்த ஏற்பாடு இருந்தது.

ஒட்டிப் போக வழி செய்தது சரி. ஆனால் பல டிராக்குகளில் நேர்ப்பாதையின் பாதியிலேயே பக்கவாட்டில் விர்ரென்று கடந்து, பிரேக் பிடிக்கும் இடத்துக்கு முன்பே வேலை முடிந்துவிடும். நெடுஞ்சாலையில் பஸ் லாரியை முந்துகிற மாதிரி. அதற்கு நான் மார்க் கொடுப்பதில்லை. இதே கருவியைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்தியதற்குக் கொடுத்திருக்கிறேன். 2023 சிங்கப்பூரில் முதலில் போய்க்கொண்டிருந்த கார்லோஸ் சைன்ஸ், புது டயரில் இரண்டு மெர்சிடிஸ் பாய்ந்து வருவதைப் பார்த்து, தனக்குப் பின்னால் இருந்த லாண்டோ நாரிஸை வேண்டுமென்றே ஒரு விநாடிக்குள் வைத்துக்கொண்டார். நாரிஸுக்கு டி.ஆர்.எஸ். கிடைத்தது, அதனால் மெர்சிடிஸ் அவரை முந்த முடியவில்லை. போட்டியாளனையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஜெயித்தார் மனிதர். அந்த வருடம் நடந்த 22 ரேஸில் ரெட் புல் ஜெயிக்காத ஒரே ரேஸ் அதுதான்.

கடைசியில் வித்தியாசம் மயிரிழை என்றால் ரேஸும் நன்றாக இருந்திருக்கும், இல்லையா?

இரண்டு ரேஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1971, இத்தாலியின் மோன்ஸா. அப்போது அந்த டிராக்கில் வேகத்தைக் குறைக்கும் குறுகல் வளைவுகள் இல்லை; அவை வந்தது அடுத்த வருடம். கார்கள் கும்பலாக ஒன்றின் காற்று மறைவில் இன்னொன்று ஓடின. எட்டுப் பேர் முதலிடத்தில் இருந்து பார்த்தார்கள். கடைசி வளைவிலிருந்து நான்கு கார்கள் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. பீட்டர் கெத்தின் ரானி பீட்டர்சனை 0.010 விநாடியில் வென்றார். ஐந்தாவதாக வந்தவர்கூட 0.61 விநாடிதான் பின்னால். கெத்தின் அதற்கு முன்பும் ஃபார்முலா ஒன் சாம்பியன்ஷிப் ரேஸ் ஜெயித்ததில்லை, பின்பும் ஜெயிக்கவில்லை.

2002, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். ரூபன்ஸ் பாரிக்கெல்லோ ஷூமாக்கரை 0.011 விநாடியில் வென்றார். கிட்டத்தட்ட அதே வித்தியாசம். ஆனால் இருவரும் ஒரே ஃபெராரி அணி, பின்னால் மிரட்ட ஆள் இல்லை, பட்டமும் எப்போதோ முடிவாகிவிட்டது. ஷூமாக்கர் கோட்டுக்குச் சற்று முன்னால் வேகத்தைக் குறைத்து, பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்து கடக்கப் பார்த்ததில் விளைந்த எண் அது. போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

இன்னொன்று: விபத்து நடந்தால் எல்லோரையும் மெதுவாக வரிசையில் கூட்டிப்போக ஒரு சேஃப்டி கார் வரும். அதற்குப் பின்னாலேயே ரேஸ் முடிந்தால் எல்லா வித்தியாசமும் ஒரு விநாடிக்குள்தான் இருக்கும். ரிசல்ட் தாளை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

எழுபது சுற்று தூக்கம், எட்டுச் சுற்று தீ. இதற்கு எத்தனை போடுவது?

மொனாக்கோ 1992தான் இதற்கு உதாரணம். சராசரி எடுத்தால் மூன்றோ நான்கோதான் வரும். ஆனால் சராசரி எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. யாரும் ரேஸை அப்படி ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. முடிவுக்கு அதிக எடை கொடுக்கிறேன். அதே சமயம் முழு மார்க்கும் கொடுக்க மாட்டேன், ஏனென்றால் அந்த எழுபது சுற்றும் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியும் அது எப்படி இருந்தது என்று. என் நோட்டில் அதற்கு ஏழு. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

முதலிடத்தில் இருப்பவர் இருபது விநாடி முன்னால் போய்விட்டார். மேலே பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய. ஆனால் டிவி காட்டுவதை மட்டும் பார்த்தால் கிடைக்காது. திரையின் ஓரத்தில் பெயர்களும் விநாடி வித்தியாசங்களும் ஓடும் பட்டியல் இருக்கிறதே, அதைப் பாருங்கள். ஒன்பதாவது ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் 4.1 என்று இருந்தது 3.4 ஆகிறது, அடுத்த சுற்றில் 2.8. மீதி ஐந்து சுற்று. சுற்றுக்கு அரை விநாடிக்கு மேல் கரைகிறது என்றால் நான்காவது சுற்றில் பிடித்துவிடுவார், பிடித்தபிறகு முந்த ஒரே ஒரு சுற்று இருக்கும். கேமரா இன்னும் அந்தப் பக்கமே திரும்பவில்லை; நீங்கள் மட்டும் காத்துக்கொண்டிருக்கிறீர்கள். ரேஸ் பார்ப்பதில் எனக்கு மிகவும் பிடித்த சுகம் இது.

2023 சீசன் முழுவதையும் நான் இப்படித்தான் தாண்டினேன். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 22இல் 19 ஜெயித்தார். அது அசாத்தியமான சாதனை. பார்ப்பவனுக்கு அது வேறு கணக்கு.

ஒருவர் வேகமாகப் போய் ஜெயிப்பது அவர் குற்றமா என்று சிலர் கோபப்படுவார்கள். குற்றமில்லை. நன்றாக ஓட்டப்பட்ட ரேஸ் வேறு, பார்க்க நன்றாக இருந்த ரேஸ் வேறு. நான் மார்க் போடுவது இரண்டாவதுக்கு.

பிட் ஸ்டாப், டயர் கணக்கு எல்லாம் போரடிக்கிறது. அதில் விறுவிறுப்பு எங்கே இருக்கிறது?

2019 ஹங்கேரி ரேஸைத் தேடிப் பாருங்கள். வெர்ஸ்டாப்பன் முன்னால். லூயிஸ் ஹாமில்டன் ஒட்டிக்கொண்டே வருகிறார், முந்த முடியவில்லை. 70 சுற்றில் 48ஆவது சுற்று முடியும்போது மெர்சிடிஸ் ஹாமில்டனை இரண்டாவது தடவை பிட்டுக்குள் கூப்பிட்டுவிட்டது. கையில் இருந்த நெருக்கத்தை விட்டுவிட்டு, சுமார் 20 விநாடி பின்னால் போய், புது டயரோடு மறுபடி துரத்தச் சொல்கிறார்கள். மீதி 22 சுற்று. சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி குறைத்தாக வேண்டும்.

வெர்ஸ்டாப்பனுக்கோ இக்கட்டு. அவரும் உள்ளே போனால் முதலிடம் போய்விடும். போகாவிட்டால் பழைய டயர் தாங்க வேண்டும். வெளியிலேயே இருந்தார். வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் போதிய வேகத்தில் குறைகிறதா என்று கடைசி வரை சந்தேகம். பேனாவை வைத்து வகுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 67ஆவது சுற்றில் ஹாமில்டன் முந்தினார். முந்திய அந்தக் கணம் மிகச் சாதாரணம், நேர்ப்பாதையில் சுலபமாகக் கடந்து போய்விட்டார். அதற்கு முந்தைய இருபது சுற்றுதான் ரேஸ். அதைப் பார்க்காமல் சுருக்கத் தொகுப்பில் அந்த ஓவர்டேக்கை மட்டும் பார்ப்பவருக்கு, எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்றுதான் தோன்றும்.

டயர் கணக்கு போரடிப்பது எப்போது என்றால், எல்லோரும் ஒரே கணக்கைப் போடும்போது. 2024 மொனாக்கோவில் முதல் சுற்றிலேயே பெரிய மோதல், சிவப்புக் கொடி. ரேஸ் நின்றிருந்த நேரத்தில் டயரை மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலானோருக்குப் பிட்டுக்குள் வரவேண்டிய அவசியமே இல்லை. புறப்பட்ட வரிசையிலேயே முதல் பத்துப் பேரும் முடித்தார்கள். அடுத்த வருடம் மொனாக்கோவுக்கு மட்டும் இரண்டு பிட் ஸ்டாப் கட்டாயம் என்று விதி கொண்டுவந்தார்கள். சில அணிகள் ஒரு காரை வேண்டுமென்றே ஊர விட்டு, பின்னால் வருபவர்களைத் தடுத்து, அந்த இடைவெளியில் தங்கள் இன்னொரு காரை பிட்டுக்குள் அனுப்பிக்கொண்டன. கேள்விகளை உண்டாக்க விதி போட்டார்கள். கேள்வி வந்தது, ஆனால் 'இன்னும் எவ்வளவு மெதுவாக ஓட்டுவார்' என்ற கேள்வி.

மழை பெய்தால் நல்ல ரேஸ் நிச்சயம் என்கிறார்களே?

பாதி உண்மை. மழை எல்லோருடைய கணக்கையும் கலைத்துவிடும். எந்த டயர், எப்போது மாற்றுவது, எங்கே பிடிமானம் இருக்கிறது, எல்லாமே திறந்த கேள்வி. 2011 கனடா ரேஸில் ஜென்சன் பட்டன் தன் அணித் தோழர் ஹாமில்டனோடு மோதினார், அலோன்சோவோடு மோதினார், தண்டனை வாங்கினார், ஒரு கட்டத்தில் கடைசி இடத்தில் இருந்தார். இடையில் மழைக்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரேஸை நிறுத்தி வைத்திருந்தார்கள். கடைசிச் சுற்றில் செபாஸ்டியன் வெட்டலை நெருங்கினார்; வெட்டல் ஈரத்தில் கொஞ்சம் வழுக்க, பட்டன் முந்தி ஜெயித்தார். நிறுத்தி வைத்த நேரத்தையும் சேர்த்து 4 மணி 4 நிமிடம். அத்தனை நேரம் விழித்திருந்ததற்குக் கூலி கிடைத்தது.

அதிக மழை பெய்தால் ரேஸே இருக்காது. 2021 பெல்ஜியத்தில் மணிக்கணக்கில் காத்திருந்து, சேஃப்டி காருக்குப் பின்னால் சில சுற்று போய்விட்டு வந்து, பாதிப் புள்ளி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நனைந்துகொண்டு காத்திருந்த ரசிகர்களை நினைத்தால் இன்னும் பாவமாக இருக்கிறது. மிகச் சிறந்தது விட்டு விட்டுப் பெய்யும் தூறல்.

சேஃப்டி கார் வந்து எல்லாவற்றையும் சேர்த்து விட்டால் அது நியாயமான விறுவிறுப்பா?

என்னை மிகவும் குழப்பும் கேள்வி இது. விபத்து நடந்தால் சேஃப்டி கார் வர வேண்டும், அதில் பேச்சே இல்லை. பாடுபட்டுச் சேர்த்த முன்னிலை கரைந்துபோவது அதன் பக்க விளைவு. அது ஒரு புதுக் கேள்வியைத் திறந்தால் மார்க் கொடுப்பேன்.

ஆனால் 2021 அபுதாபி? சீசனின் கடைசி ரேஸுக்கு ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் சமமான புள்ளியோடு வந்தார்கள். ஹாமில்டன் நிம்மதியாக முன்னால் போய்க்கொண்டிருந்தார். முடிய ஐந்து சுற்று இருக்கும்போது ஒரு கார் சுவரில் மோத, சேஃப்டி கார் வந்தது. வெர்ஸ்டாப்பன் புது டயர் போட்டுக்கொண்டார். ஒரு சுற்று பின்தங்கிய கார்களில் இருவருக்கும் நடுவே இருந்த ஐந்தை மட்டும் விலக விட்டு, ஒரே ஒரு சுற்றுக்கு ரேஸைத் திறந்துவிட்டார்கள். வெர்ஸ்டாப்பன் முந்தினார், உலகச் சாம்பியன் ஆனார். அந்த முடிவெடுத்ததில் மனிதத் தவறு நடந்ததாக, பந்தயத்தை நிர்வகிக்கும் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் அறிக்கையே பின்னர் சொன்னது.

அந்தச் சுற்றில் என் இதயம் எப்படி அடித்தது என்பது எனக்குத் தெரியும்; பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாரோ ஒருவர் கை வைத்துத் திறந்த கேள்வி அது. நோட்டில் அன்று எட்டு எழுதி, அடித்து, ஆறு எழுதி, அதையும் அடித்து வைத்திருக்கிறேன். இன்று வரை அந்தக் கட்டத்தில் எண் இல்லை.

விபத்துகள் ரேஸை விறுவிறுப்பாக்குமா?

இல்லை. 2020 பஹ்ரைனில் ரோமான் க்ரோஜான் தடுப்பில் மோதி, கார் இரண்டாகப் பிளந்து தீப்பிடித்து, ஏறக்குறைய அரை நிமிடம் தீக்குள் இருந்து வெளியே வந்தாரே, அந்த அரை நிமிடம் டிவி முன்னால் இருந்த யாரும் 'விறுவிறுப்பு' என்ற சொல்லை நினைத்திருக்க மாட்டார்கள். 2018இல் வந்த ஹேலோ என்ற தலைக்காப்பு வளையம் அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது. வழுக்கி மணலில் மாட்டிக்கொள்வது, இறக்கை நொறுங்கிப் பிட்டுக்கு ஊர்ந்து வருவது, இவை ரேஸின் பகுதி. அடிபடும் மோதலுக்கு மார்க் ஏற்றுவதும் இல்லை, இறக்குவதும் இல்லை, கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

எனக்குப் பிடித்த டிரைவர் ஜெயித்தால் எந்த ரேஸும் நன்றாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது?

அனுபவியுங்கள். மார்க் போடும்போது மட்டும் ஒரு சோதனை: பெயர்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆள் செய்ததை நீங்கள் வெறுக்கும் ஆள் செய்திருந்தால் இதே மார்க் கொடுப்பீர்களா? என் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டியபோது, எனக்குப் பிடித்தவர் தோற்ற ரேஸ்களுக்கெல்லாம் ஒரு மார்க் குறைவாகவே இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

சாம்பியன்ஷிப் போட்டியையும் சேர்த்து மார்க் போடலாமா?

போடலாம், அதுவும் ஒரு கேள்விதானே. 2008 பிரேசில் அதற்கு உச்சம். ஃபெலிப்பே மாஸா சொந்த நாட்டில் ஜெயிக்கிறார். ஹாமில்டன் ஐந்தாவது வந்தால் பட்டம் அவருக்கு. கடைசி நேரத்தில் மழை; வெட்டல் ஹாமில்டனை முந்தி ஆறாம் இடத்துக்குத் தள்ளுகிறார். மாஸா கோட்டைக் கடந்தபோது கணக்குப்படி அவர்தான் சாம்பியன். அவர் குடும்பம் துள்ளிக் குதிக்கிறது. உலர்ந்த தரைக்கான டயரோடு ஈரத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த டிமோ க்ளாக்கை ஹாமில்டன் கடைசி வளைவில் கடக்கிறார். ஐந்தாம் இடம், ஒரே ஒரு புள்ளியில் பட்டம். ஐந்தாம் இடத்துக்கான சண்டை இப்படி ஒரு ரேஸையே தூக்கி நிறுத்த முடியும்.

மோட்டார்சைக்கிள் பந்தயம், 24 மணி நேரப் பந்தயம் எல்லாவற்றுக்கும் இதே அளவுகோலா?

அளவுகோல் அதேதான், நேரம்தான் வேறு. மோட்டோஜிபி ரேஸ் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பைக்குகள் குறுகல் என்பதால் ஒரே வளைவில் மூன்று பேர் நுழைவார்கள், முந்தியவரை அடுத்த வளைவிலேயே திருப்பி முந்தலாம். 2006இல் போர்ச்சுகலில் டோனி எலியாஸ் வாலன்டினோ ரோஸியை 0.002 விநாடியில் வென்றார். முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் ஐந்து புள்ளி வித்தியாசம். சீசன் முடிவில் ரோஸி பட்டத்தை இழந்தது சரியாக ஐந்து புள்ளியில்.

பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயமான லெ மான் வேறு மாதிரி. 24 மணி நேரமும் பரபரப்பாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் நீங்கள்தான் முதலில் களைத்துப்போவீர்கள். தூங்கி எழுந்து பார்க்கலாம், கார்கள் ஓடிக்கொண்டிருக்கும். 'இந்த இயந்திரம் தாங்குமா' என்பது அங்கே மெதுவாக எரியும் கேள்வி. 2016இல் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்த டொயோட்டா, 24 மணி நேரம் முடிய நான்கு நிமிடம்கூட இல்லாதபோது சக்தி இழந்து நின்றது. போர்ஷே ஜெயித்தது.

நேரில் பார்ப்பதும் டிவியில் பார்ப்பதும் ஒன்றா?

இல்லவே இல்லை. நேரில் ஒரு காரை ஒரு சுற்றுக்குச் சில விநாடிதான் பார்ப்பீர்கள். சத்தமும் வேகமும் உடம்பில் இறங்கும், ஆனால் யார் எங்கே என்று பக்கத்துச் சீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருக்கும். நேரில் பார்த்த ரேஸுக்கு நான் மார்க் போடுவதில்லை.

ரிசல்ட் தெரிந்த பிறகு பதிவைப் பார்த்தால் மார்க் போடலாமா?

தெரியாமல் இருந்தால் போடலாம். தெரிந்துவிட்டால் கேள்வியே செத்துவிடுகிறது. மொனாக்கோ 1992 போன்ற சில மட்டும் முடிவு தெரிந்தும் கையைப் பிசைய வைக்கும், அவை விதிவிலக்கு.

எப்போது, எப்படி மார்க் போடுகிறீர்கள்?

மறுநாள் காலையில். முடிந்தவுடன் போட்டால் கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான் மார்க் விழும். ரேஸ் நடக்கும்போது பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை ஒரே வரி எழுதுவேன்: 'இப்போது எனக்குத் தெரியாதது என்ன?' மறுநாள் அந்த வரிகளைப் படித்தால் போதும். நான்கைந்து வேறு வேறு வரி இருந்தால் நல்ல ரேஸ். ஒரே வரி எல்லாக் கட்டத்திலும் இருந்து, கடைசிக் கட்டத்தில்தான் விடை கிடைத்தது என்றால் மிக நல்ல ரேஸ். இரண்டாவது கட்டத்திலேயே 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தால் அன்றைக்குத் துணி மடித்திருக்கலாம்.

பூஜ்யம் கொடுத்தது உண்டா?

பூஜ்யம் இல்லை, ஒன்று உண்டு. 2005 இண்டியானாபோலிஸ். மிஷெலின் டயர் அங்கே சாய்வாக எழுப்பிய கடைசி வளைவைத் தாங்காது என்று தெரிந்து, அந்த டயர் போட்ட 14 காரும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் பிட்டுக்குள் போய்விட்டன. மீதி ஆறு கார்தான் ரேஸ் ஓடியது: இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. ஷூமாக்கர் முதலாவது, பாரிக்கெல்லோ இரண்டாவது, டியாகோ மோன்டெய்ரோ மூன்றாவது. டிராக்கைச் சுற்றி இருந்த கூட்டம் கூச்சலிட்டது, பாட்டில்கள் பறந்தன.

நான்காவதாக வந்தவர் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் ஒரு இந்தியர் புள்ளி எடுத்தது அதுதான் முதல் தடவை. அவர் எடுத்த மொத்தப் புள்ளிகளும் அன்று கிடைத்த ஐந்துதான். நோட்டில் அந்த வரிக்கு எதிரே 1 என்று இருக்கிறது. ஓரத்தில் 'நரேன் நான்கு' என்று சின்னதாக எழுதி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறேன். மார்க்கை மாற்றவில்லை.